ஒருமாப் புள்ளி: விக்ரர் சுக்காரினின் விளையாட்டு வாழ்வு

ஒன்று என்னும் எண்ணை இருபது சமகூறுகளாக வகுத்து, அவற்றுள் ஒரு கூற்றைத் தமிழ்க் கணக்கு நூலார் மா என வழங்கினர். காணி, முந்திரி என்பன போல அச்சொல்லும் இன்று பழைய எண்சுவடிகளிலும் முதியோர் சிலரது நாவிலுமே எஞ்சி நிற்கின்றது. தசமக் கணக்கில் அது 0.05 ஆகும். இத்துணைச் சிறிய பின்னம் ஒருவரை முதல்வராகவும் மற்றொருவரை இரண்டாமவராகவும் ஆக்கவல்ல விளையாட்டுத் துறை ஒன்று உண்டு. அது ஜிம்னாஸ்ரிக் எனப்படும் உடற்கலை. 1956ஆம் ஆண்டு மெல்பேண் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக்குப் போட்டியில், ஆடவர்க்குரிய ஆறுவகைப் பயிற்சிகளிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியபோது சோவியத்து நாட்டு விக்ரர் சுக்காரினுக்கு 114.25 புள்ளியும், யப்பானிய நாட்டுத் தக்காஷி ஒனோவுக்கு 114.20 புள்ளியும் வந்தன. இருவர்க்கும் இடையே நின்றது ஒருமா மட்டுமே. வென்றவருக்கு அப்பொழுது வயது 35. அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர் அவர் ஏறத்தாழ நாற்பது கிலோகிராம் நிறையுள்ள எலும்புக்கூடாய்ச் சிறைமுகாமிலிருந்து மீண்டவர் என்பதை அறிந்தாலன்றி அவ்வொருமாவின் பெறுமதி விளங்காது.

போட்டியின் இயல்பை முதற்கண் ஓரளவு விளக்குதல் வேண்டும். ஆடவர் ஜிம்னாஸ்ரிக்கில் ஆறு வகைகள் உள. தரையில் விரித்த பரப்பின்மீது பாய்ந்தும் புரண்டும் நிலைநின்றும் செய்யப்படுவது தரைப் பயிற்சி. முதுகின்மேல் இரு கைப்பிடிகள் பொருத்திய தோற்குதிரையின்மீது கைகளால் மட்டும் உடலைத் தாங்கி, கால்கள் குதிரையிற் படாவண்ணம் வட்டமாகச் சுழற்றுவது பிடிக்குதிரை. மேலிருந்து தொங்கும் இரண்டு வளையங்களைப் பற்றிச் செய்வது வளையப் பயிற்சி. ஓடிவந்து கையூன்றித் தாவுவது தாண்டுகுதிரை. அருகருகே ஒரே உயரத்தில் அமைந்த இரு சட்டங்களில் நிகழ்வது சமாந்தரச் சட்டம். உயரத்தில் அமைந்த ஒரே உருக்குச் சட்டத்தைப் பற்றிச் சுழல்வது கிடைச்சட்டம். சுக்காரின் காலத்தில் ஒவ்வொரு வகையிலும் இருமுறை செய்துகாட்டல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவாக விதிக்கப்பட்ட பயிற்சி ஒன்று. வீரர் தாமே வகுத்துக்கொண்ட விருப்பப் பயிற்சி மற்றொன்று. ஆகவே ஒருவர் பன்னிரு முறை நடுவர்முன் நிற்பார். ஒவ்வொன்றிற்கும் உயர்ந்தபட்சம் பத்துப் புள்ளியாதலின் முழுத்தொகை 120. ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனிப் பரிசுகளும் இதே புள்ளிகளைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. இக்காலத்தனபோன்ற தனி இறுதிப் போட்டிகள் அன்று இல்லை. பன்னிரு முறையில் ஒரு முறை ஒரு முழங்கால் சற்றே மடங்கினும், தரையிறங்குங்கால் ஒரு பாதம் சற்றே பெயரினும் அவ்விழப்பை மீட்டுக்கொள்ள வேறு வாய்ப்பில்லை. பிழை செய்யாமையே இக்கலையில் வெற்றியின் பெரும்பகுதியாகும்.

விக்ரர் சுக்காரின் 1921ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் திகதி உக்ரேனின் தென்கிழக்குப் பகுதியில், அசோவ் கடலுக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கொசாக்கு மரபினர். தாயார் அக்கடற்கரைப் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருந்த கிரேக்க மரபினர். மரியுப்போல் நகரில் வளர்ந்த காலத்திற் பள்ளிப் பருவத்திலேயே இவ்விளையாட்டில் ஈடுபட்டார். உருக்காலைகளுக்குப் பேர்போன நகரமாதலின் உலோகத் தொழிற் பயிற்சியிலும் சிறிது காலம் செலவிட்டுப் பின்னர் உடற்பயிற்சிக் கல்வியை நாடிக் கீவ் நகருக்குச் சென்றார். போர் மூளுமுன்பே உக்ரேனிய இளம் வீரர்களுள் முன்னணியில் நின்றார். இருபது வயது நிரம்புதற்குச் சில மாதங்கள் இருக்கையில், 1941ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி ஜேர்மனியப் படைகள் சோவியத்து நாட்டினுட் புகுந்தன.

சுக்காரின் பீரங்கிப் படையிற் சேர்ந்து போரிட்டார். பொல்தாவா நகரின் அண்மையிற் பகைவர் கையில் அகப்பட்டார். அதன்பின் ஏறக்குறைய நான்காண்டுகள் அவர் போர்க்கைதி. வட ஜேர்மனியில், பிறேமனுக்கும் ஹம்பேர்க்குக்கும் இடைப்பட்ட சான்ட்பொஸ்ரல் முகாம் உட்படப் பதினேழு முகாம்களில் அவர் மாறி மாறி வைக்கப்பட்டார் என அவரது வரலாறு கூறும். பதினேழு முகாம்கள் என்னுந் தொகையைப் படிப்பவர், அந்நாளிற் சோவியத்துப் போர்க்கைதியின் நிலை மேனாட்டுக் கைதிகளின் நிலையினும் முற்றிலும் வேறானது என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். போர்க்கைதிகள் பற்றிய 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையிற் சோவியத்து நாடு ஒப்பமிடவில்லை என்பதைச் சாட்டாகக் கொண்டு ஜேர்மனியர் அவர்களுக்கு உணவும் உறையுளும் மருந்தும் மறுத்தனர். பிடிபட்டோர் ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எனவும், அவருள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் மாண்டனர் எனவும் வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். ஐவரில் இருவரே உயிர்தப்பினர் என்பது இதன் பொருள். பிரித்தானிய, அமெரிக்கக் கைதிகளுட் பெரும்பாலோர் அதே முகாம்களிலிருந்து உயிருடன் வீடு திரும்பியதோடு இதனை ஒப்பிட்டால், மாண்டவர்களைக் கொன்றது போரன்று, திட்டமிட்ட பட்டினியே என்பது தெளிவாகும்.

1945ஆம் ஆண்டு, போர் முடியுந் தறுவாயில், கைதிகள் பலரை ஒரு படகில் ஏற்றிக் கடலில் அமிழ்த்திக் கொல்ல ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. சுக்காரினும் அப்படகில் இருந்தார். பிரித்தானியப் படையினர் வந்து அவர்களை மீட்டனர். வீடு திரும்பிய மகனைத் தாயார் முதலில் அடையாளங் காணவில்லை என்றும், சிறுவயதில் அவர் தலையில் ஏற்பட்ட தழும்பொன்றைப் பார்த்த பின்னரே தம் மகன் என ஏற்றுக்கொண்டார் என்றும் அவர் வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகின்றது. உடல் நிறை நாற்பது கிலோகிராம். வயதோ இருபத்து மூன்று கடந்திருந்தது. உடற்கலையில் ஒருவரது தசையும் நரம்பும் ஒருங்கே முதிர்ச்சி பெறும் பருவம் முழுவதையும் பசியே தின்றுவிட்டது. பட்டினியாற் குன்றிய உடல் உணவு கிடைத்தவுடன் மெல்ல மெல்லச் சதை போடுமேனும், வளையத்தில் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி உடலைத் தாங்கும் தோள்வலிமை உணவினால் மட்டும் வருவதன்று. அதனை அடியிலிருந்து மீண்டும் கட்டல் வேண்டும்.

உடலினுங் கடினமான தடை வேறொன்று இருந்தது. 1941ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 16ஆந் திகதி வெளியான ஸ்ராலினின் 270ஆம் இலக்கக் கட்டளை, பகைவரிடஞ் சரணடையும் படையதிகாரிகளைத் துரோகிகள் என அறிவித்து, அவர்தம் குடும்பத்தினர்க்கும் தண்டனை விதித்தது. போர் முடிந்து திரும்பிய கைதிகள் அனைவரும் விசாரணை முகாம்கள் வழியாகவே வீடு செல்ல நேர்ந்தது. அவருட் பலர் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர்; எஞ்சியோர்க்கும் ‘கைதியாயிருந்தவர்’ என்னும் குறிப்பு, கல்வி, தொழில், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றில் நிழல்போற் தொடர்ந்தது. பகைவரிடம் அகப்பட்டதனால் ஒருமுறையும், அகப்பட்டும் உயிரோடு மீண்டதனால் இன்னொருமுறையும் அவர்கள் தண்டனை அனுபவித்தனர் என்றால் மிகையாகாது. அத்தகைய ஒருவர் ஏழாண்டுகளுக்குள் சோவியத்துக் கொடியின் கீழ் அயல்நாட்டுக்குப் போட்டியிடச் சென்றமை வியப்புக்குரியது. அவர் திறமையை விட்டுக்கொடுக்க அரசு விரும்பவில்லை என்பதைத் தவிர வேறு காரணந் தேடவேண்டுவதில்லை.

போருக்குப் பின் சுக்காரின் மேற்கு உக்ரேனிலுள்ள லிவோவ் நகருக்குச் சென்றார். 1939 வரை போலந்துக்கு உரியதாயிருந்து போரினாற் சோவியத்து எல்லைக்குள் வந்த நகரம் அது. அங்கே 1946இல் உடற்கல்வி நிலையமொன்று தொடங்கப்பட்டது. அந்நிலையத்தில் மாணவராகச் சேர்ந்து, 1950இல் அவர் பட்டம் பெற்றார். பின்னர் வாழ்நாள் முழுவதும் அந்நகரே அவர்க்கு ஊராயிற்று.

1946ஆம் ஆண்டிலேயே சோவியத்து நாட்டுப் போட்டியில் அவர் பங்குபற்றிப் பன்னிரண்டாம் இடம் பெற்றார். முகாமிலிருந்து மீண்ட ஓராண்டின் பின் ஒரு பெருநாட்டில் பன்னிரண்டாமவராதல் சிறு செயலன்று. எனினும் 1947இல் ஐந்தாம் இடத்துக்கு உயர்ந்து, 1949இல் ஆறுவகைப் போட்டியில் முதல்வரானமையே கருத்தைக் கவர்வது. 1950, 1951, 1953, 1955 ஆகிய ஆண்டுகளிலும் அவரே நாட்டின் முதல்வர். இவ்வேறுபடிகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சிலர் ஒரே பாய்ச்சலில் உயரத்தைத் தொடுவர். சுக்காரின் அவ்வகையினர் அல்லர். நாட்டில் முதன்முறை முதல்வரானபோது அவருக்கு 27 வயது. அவ்வுயர்வு மூன்றாண்டுகளிற் படிப்படியாக வந்தது.

இனி அந்நாடு ஒலிம்பிக்கினுட் புகுந்த வரலாற்றையும் சுருங்கக் கூறல் வேண்டும். சார் மன்னர் காலத்து உருசியா இறுதியாகப் பங்குபற்றிய ஒலிம்பிக்கு 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்கோமில் நிகழ்ந்தது. புரட்சிக்குப் பின் சோவியத்து ஆட்சி அப்போட்டிகளை முதலாளித்துவ நாடுகளின் கேளிக்கையெனக் கருதி நெடுங்காலம் விலகியே நின்றது. போருக்குப் பின் அக்கருத்து மாறிற்று. 1951இற் சோவியத்து ஒலிம்பிக்குக் குழு அமைக்கப்பட்டு அனைத்துலகக் குழுவின் ஏற்பையும் பெற்றது. 1952 யூலை மாதம் ஹெல்சிங்கியில் நிகழ்ந்த போட்டிக்கே சோவியத்து வீரர் முதன்முதலாகச் சென்றனர். அவர்களும் அவர்தம் நேசநாட்டினரும் ஏனையோருடன் தங்காது ஒட்டானியெமி என்னுமிடத்தில் தனியே தங்கினர். இரு உலகங்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொண்ட காலம் அது. விளையாட்டில் வெல்வது அரசியல் வெற்றியாகவும், தோற்பது அரசியல் இழிவாகவும் இருபுறத்தும் கொள்ளப்பட்டது.

ஹெல்சிங்கிக்குச் சென்ற சோவியத்து ஜிம்னாஸ்ரிக் குழுவினரைக் கவனித்தால், அது போரின் வடுக்களைத் தாங்கிய குழு என்பது தெரியவரும். சுக்காரின் சிறைமுகாமிலிருந்து வந்தவர். அவர்க்கு அடுத்த நிலையில் நின்ற ஆர்மீனியரான ஹிராந்த் ஷகின்யான் போரிற் காலில் காயமுற்றவர். சிறிது நொண்டியே நடப்பார். அவ்விருவருமே ஆறுவகைப் போட்டியில் முதலிரு இடங்களைப் பெற்றனர் என்பது, காயமற்ற உடலே உடற்கலைக்கு முதல் என எண்ணுவார்க்கு வியப்பளிக்கக்கூடும். வயதைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் ஈண்டு வேண்டற்பாலது. சுக்காரினுக்கு அப்பொழுது முப்பது வயது. இன்றைய வழக்கத்தை மனத்திற்கொண்டு அதனை முதுமையென வியப்பது தவறு. அக்காலத்தில் ஆடவர் ஜிம்னாஸ்ரிக்கு முதிர்ந்தோர் விளையாட்டாகவே இருந்தது. அதே போட்டியிற் பின்லாந்துக் குழுவிலே ஹெய்க்கி சவலைனென் 44 வயதிற் பங்குபற்றி வெண்கலப் பதக்கம் பெற்றார். எனவே சுக்காரினிடத்து வியத்தற்குரியது வயதன்று. அவ்வயதுக்கு முந்திய நான்காண்டு வெறுமையே.

போட்டி யூலை 19 முதல் 21 வரை நடைபெற்றது. ஆறுவகைக் கூட்டுத்தொகையிற் சுக்காரின் 115.70 புள்ளி பெற்று முதல்வரானார். ஷகின்யானுக்கு 114.95. சுவிற்சர்லாந்தின் யோசெப் ஸ்ரால்டருக்கு 114.75. முதல் இருவர்க்கும் இடையே முக்காற் புள்ளி, அதாவது பதினைந்து மா. இத்துறையில் இது பெரிய இடைவெளி. குழுப்போட்டியிலும் சோவியத்து நாடு 574.40 புள்ளியுடன் சுவிற்சர்லாந்தை (567.50) வென்றது. நான்காண்டுகளுக்கு முன் இலண்டனில் குழுப்பரிசை வென்ற பின்லாந்து, தன் சொந்த மண்ணில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

தனிக் கருவிகளுக்கு வந்தால் ஒருமாவின் கதை மீண்டுந் தொடங்குகின்றது. பிடிக்குதிரையிற் சுக்காரின் 19.50 பெற்றுத் தம் நாட்டவரான ஷகின்யான், கொரொல்கொவ் ஆகிய இருவரையும் இரண்டு மாவினால் முந்தினார். தாண்டுகுதிரையில் அவர்க்கு 19.20, யப்பானியரான மசாவோ தக்கெமோட்டோவுக்கு 19.15. ஒருமா அவர் பக்கம் நின்றது. சமாந்தரச் சட்டத்தில் அவர்க்கு 19.60, சுவிற்சர்லாந்தின் ஹான்ஸ் ஒய்க்ஸ்ரருக்கு 19.65. அதே ஒருமா இம்முறை எதிர்ப்பக்கம் நின்றது. வளையத்தில் ஷகின்யானுக்கு அடுத்த இரண்டாம் இடம். ஆக ஹெல்சிங்கியில் நான்கு பொற்பதக்கங்களும் இரண்டு வெள்ளிப் பதக்கங்களும் அவர்க்குக் கிடைத்தன. தரைப் பயிற்சியிலும் கிடைச்சட்டத்திலும் பதக்கமில்லை. அவ்விரண்டிலும் சுவீடனின் வில்லியம் தொரெசனும் சுவிற்சர்லாந்தின் ஜக் குந்தார்ட்டும் முறையே வென்றனர்.

இவ்விவரங்களைத் தொகுத்து நோக்கின் சுக்காரினின் திறனியல்பு தெற்றென விளங்கும். ஏதேனும் ஒரு கருவியில் யாரும் எட்டமுடியாத உயரத்தில் அவர் நின்றாரல்லர். வளையத்தில் ஷகின்யான் அவரினும் மேலானவர். சட்டத்தில் ஒய்க்ஸ்ரர் அன்று மேலானவர். ஆனால் மற்றையோர் ஒவ்வொருவர்க்கும் வலிமை குன்றிய கருவி ஒன்றோ இரண்டோ இருந்தன. அங்கே அவர்கள் இழந்தனர். சுக்காரினின் பன்னிரு பயிற்சிகளின் சராசரி 9.64. எங்கும் இழப்புக் குறைவாக இருந்தமையால் எல்லாவற்றையுங் கூட்டியபோது அவரே முன்னின்றார். கண்டோரை மலைக்கவைக்கும் ஒரே செயலை எதிர்பார்த்துச் செல்வார்க்கு இத்தகைய வீரர் ஏமாற்றமளித்தலுங் கூடும். பல காலும் புள்ளிப்பட்டியலைப் பார்த்த பின்னரே அவர் பெருமை புலப்படும்.

1954ஆம் ஆண்டு உரோமாபுரியில் உலகப் போட்டி நிகழ்ந்தது. உலகப் போட்டியில் சோவியத்து ஜிம்னாஸ்ரிக் வீரர் தோன்றியது அதுவே முதன்முறை. அங்கே சுக்காரினும் அவர் குழுத்தோழரான வலன்ரீன் முராத்தொவும் ஆறுவகைக் கூட்டுத்தொகையில் முற்றிலும் சமமான புள்ளி பெற்றனர். ஒருமாவும் பிரித்தறிய இயலாமையின் முதலிடம் இருவர்க்கும் பங்கிடப்பட்டது. முராத்தொவ் 1928இற் பிறந்தவர். சுக்காரினுக்கு ஏழாண்டு இளையவர். ஹெல்சிங்கியில் ஒய்க்ஸ்ரரிடம் இழந்த சமாந்தரச் சட்டத்தின் முதற் பரிசையும் சுக்காரின் உரோமாபுரியில் வென்றார்.

மெல்பேண் போட்டிக்கு முந்திய மாதங்கள் உலக அரசியலில் மிகக் கலங்கியவை. 1956 அக்டோபரில் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத்துப் படை நவம்பர் தொடக்கத்தில் அடக்கியது. அதனைக் கண்டித்து நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகள் போட்டியைப் புறக்கணித்தன. சுயெஸ் நெருக்கடியை முன்னிட்டு எகிப்து, ஈராக், லெபனான் ஆகியனவும் விலகின. டிசம்பர் 6ஆந் திகதி ஹங்கேரிக்கும் சோவியத்து நாட்டுக்குமிடையே நிகழ்ந்த நீர்ப்பந்தாட்டத்திற் குருதி சிந்தியமை யாவரும் அறிந்ததே. ஜிம்னாஸ்ரிக் துறையிற் சுவிற்சர்லாந்தின் விலகல் பெரிய விளைவை உண்டாக்கியது. ஹெல்சிங்கியில் சோவியத்து வீரர்க்கு அடுத்து நின்றவர்கள் அவர்களே. அவர்கள் வாராமையால் சோவியத்து வெற்றி எளிதாகும் எனச் சிலர் கருதினர். நடந்தது வேறு. ஹெல்சிங்கியில் ஐந்தாம் இடத்தில் நின்ற யப்பான் நான்காண்டுகளில் நெருங்கி வந்துவிட்டது. குழுப்போட்டியிற் சோவியத்து நாடு பெற்றது 568.25, யப்பான் பெற்றது 566.40. ஹெல்சிங்கியில் முதலிரு குழுக்களுக்கிடையே ஏறத்தாழ ஏழு புள்ளியாயிருந்த இடைவெளி இரண்டு புள்ளிக்குங் குறைந்தது.

யப்பானியருள் முன்னணியில் நின்றவர் தக்காஷி ஒனோ. 1931இற் பிறந்த அவர், சுக்காரினுக்கு ஏறக்குறையப் பத்தாண்டு இளையவர். ஹெல்சிங்கியில் தாண்டுகுதிரையில் வெண்கலம் பெற்ற இளைஞராயிருந்தவர், மெல்பேணில் எல்லாக் கருவியிலும் முதிர்ந்த கலைஞராய் வந்தார். கிடைச்சட்டத்தில் முதற் பரிசு அவர்க்கே. யப்பான் ஒலிம்பிக்கு ஜிம்னாஸ்ரிக்கிற் பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவாகும். பிடிக்குதிரையிலும் ஒனோ இரண்டாமிடம் பெற்றுச் சுக்காரினை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். முதலிடம் இளைய சோவியத்து வீரரான போரிஸ் ஷக்லினுக்குக் கிடைத்தது. தரைப் பயிற்சியில் முராத்தொவ் முதல்வராகச் சுக்காரின், சுவீடனின் தொரெசன், யப்பானின் ஐஹாரா ஆகிய மூவரும் வெள்ளியைப் பகிர்ந்தனர். ஹெல்சிங்கியில் அவர்க்குப் பதக்கந் தராத தரைப் பயிற்சி, மெல்பேணில் முப்பத்தைந்தாம் வயதிற் பதக்கந் தந்தமை குறிப்பிடத்தக்கது. குறையுள்ள இடத்தை விட்டு நிறைவுள்ள இடத்தை மட்டும் பேணுதலே வயது முதிர்ந்த வீரர் பலரது இயல்பு. சுக்காரின் குறையுள்ள இடத்திலேயே உழைத்திருத்தல் வேண்டும். சமாந்தரச் சட்டத்தில் அவர்க்கு 19.20, அடுத்துநின்ற கூபோட்டாவுக்கு 19.15. மீண்டும் ஒருமா.

எல்லாவற்றையுங் கூட்டியபோது வந்ததே முற்கூறிய 114.25, 114.20 என்னும் தொகைகள். மூன்றாமவரான யூரி தித்தொவ் 113.80 பெற்றார். சுக்காரினின் சராசரி ஹெல்சிங்கியில் 9.64 ஆயிருந்து இங்கே 9.52 ஆகக் குறைந்தது. நடுவரின் கடுமையும் பயிற்சிகளின் கடினமும் ஆண்டுக்காண்டு வேறுபடுமாதலின் இவ்விரண்டையும் நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஹெல்சிங்கியிற் பதினைந்து மாவாயிருந்த இடைவெளி மெல்பேணில் ஒருமாவாகச் சுருங்கியது கருதத்தக்கது. பன்னிரு பயிற்சிகளுள் எதிலேனும் ஒருமாவும் குறைந்திருப்பின் முதலிடத்தைப் பங்கிட்டிருக்க வேண்டும். இரண்டு மா குறைந்திருப்பின் அதனை இழந்திருக்க வேண்டும். வலிமையினால் வென்றது ஹெல்சிங்கி. சிதையாமையினால் வென்றது மெல்பேண் எனலாம்.

இரு ஒலிம்பிக்குகளிலும் சேர்த்து அவர் பெற்றவை ஏழு பொற்பதக்கம், மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம், மொத்தம் பதினொன்று. ஆறுவகைப் போட்டியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிம்பிக்கு முதல்வரான ஆடவர் நால்வரே. 1908, 1912ஆம் ஆண்டுகளில் இத்தாலியரான அல்பேர்ட்டோ பிறாலியா; 1952, 1956இற் சுக்காரின்; 1968, 1972இல் யப்பானியரான சவாவோ கட்டோ; 2012, 2016இல் அதே நாட்டுக் கொஹெய் உச்சிமுரா. கட்டோவும் உச்சிமுராவும் இருபத்தேழு வயதெய்துமுன் அல்லது எய்திய அளவிலே அச்செயலை முடித்தனர். அவ்வயதிற் சுக்காரின் தம் நாட்டிலேயே முதன்முதலாக முதல்வராகிக்கொண்டிருந்தார்.

1956ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொரு செய்தியும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. ஸ்ராலின் 1953இல் இறந்தார். மூன்றாண்டு கழித்து, 1956 யூன் இறுதியில், போர்க்கைதிகளாயிருந்தோர்க்கு இழைக்கப்பட்ட அநீதிகளைச் சோவியத்து அரசு ஒரு தீர்மானத்தின் வாயிலாக ஓரளவு ஒப்புக்கொண்டு, அவர்க்குரிய உரிமைகளை மீட்டளிக்க முற்பட்டது. ஆகவே ஹெல்சிங்கியில் வென்ற சுக்காரின் சட்டத்தின் நோக்கில் ஐயத்துக்குரிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். மெல்பேணில் வென்ற சுக்காரின் அவ்வையம் நீங்கத் தொடங்கியிருந்த ஒருவர். 1957இல் நாட்டின் உயர்விருதான லெனின் விருது அவர்க்கு வழங்கப்பட்டது. அவ்விருதைக் காணாமலே, விசாரணை முகாம்களிலும் வேலை முகாம்களிலும் அடங்கிப்போன அவருடைய சக கைதிகளின் தொகையோ பெரிது. ஒரு வாகைவீரரின் பெயரால் அவர்களுடைய துயரத்தை மறைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

மெல்பேணின் பின் சுக்காரின் போட்டிகளிலிருந்து ஒதுங்கிப் பயிற்சியளிக்கும் பணியை மேற்கொண்டார். 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் அவர் இடத்தை நிரப்பியவர் போரிஸ் ஷக்லின். அங்கும் இரண்டாமவராய் வந்தவர் தக்காஷி ஒனோவே. ஷக்லினுக்கு 115.95, ஒனோவுக்கு 115.90. நான்காண்டு கழித்தும் அதே ஒருமா அவரை வஞ்சித்தது. ஆனால் அவ்வாண்டு குழுப்பரிசு யப்பானுக்குக் கிடைத்தது. 1976 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் அதனை வேறெவரும் பெறவில்லை. 1964இல் ரோக்கியோவில் ஒலிம்பிக்கு நடைபெற்றபோது வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் ஒனோ. ஆறுவகைப் போட்டியின் முதற் பரிசு மட்டும் இறுதிவரை அவர்க்குக் கிட்டவில்லை.

சுக்காரின் தாம் மாணவராயிருந்த லிவோவ் உடற்கல்வி நிலையத்திலேயே ஆசிரியராய், ஜிம்னாஸ்ரிக் துறைக்குத் தலைவராயும் பணியாற்றினார். அங்கே பயின்ற பெரும்பாலோர் பதக்கம் பெறுதற்கென வந்தவரல்லர். பள்ளிகளிற் சிறுவர்க்கு உடற்பயிற்சி கற்பிக்கச் செல்லவிருந்தவர்கள். 1984ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆந் திகதி, 62ஆம் வயதில், அந்நகரில் அவர் காலமானார். லிச்சாக்கிவ் என்னும் பழம்பெரும் இடுகாட்டில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. 1991இல் உக்ரேன் தனிநாடாகிய பின் அவர் தம் முதல் ஒலிம்பிக்கு வீரர்களுள் ஒருவரென அந்நாட்டாராற் போற்றப்படுகின்றார். லிவோவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வழங்குகின்றது. அவர் வளர்ந்த மரியுப்போல் நகரம் 2022ஆம் ஆண்டுப் போரிற் பெரும்பகுதி அழிந்தது.